முன்பதிவு செய்த மறுநாளே ரத்து செய்த டெல்லி பயணச்சீட்டு: பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கொழிஞ்சாம்பாறை வாசி (கேள்வி, 2025 டிசம்பர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவர்கள். வேலந்தாவளம் வழியாகப் போனால் கோவை விமான நிலையம் எங்களுக்குப் பக்கம் என்பதால், கொச்சி விமான நிலையமான நெடும்பாசேரியை விட்டுவிட்டு எப்போதும் கோவையிலிருந்தே பயணம் செய்வோம். டெல்லியில் வேலை பார்க்கும் என் தம்பியின் வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் பொங்கல் கழிந்து போவதாக இருந்தது. திங்கட்கிழமை இரவு ஒரு பயண இணையதளத்தில் இருவருக்கும் சேர்த்து 13,700 ரூபாய்க்கு முன்பதிவு செய்து, யூபிஐ மூலம் பணம் செலுத்தினேன். மறுநாள் காலை தம்பி கூப்பிட்டு, அதே வாரத்தில் அலுவலகம் தன்னைப் பயிற்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னதால், மதியத்துக்குள் இரண்டு சீட்டுகளையும் அதே தளத்தில் ரத்து செய்துவிட்டேன். பயண நாளோ இன்னும் மூன்று வாரங்களுக்கும் அப்பால் இருந்தது.

ரத்து செய்தபோது திரையில் வந்த கணக்கு இது: விமான நிறுவனத்தின் ரத்துக் கட்டணம் ஒருவருக்கு 3,900 ரூபாய், தளத்தின் சேவைக் கட்டணம் ஒருவருக்கு 400 ரூபாய், ஆக மொத்தப் பிடித்தம் 8,600 ரூபாய். மீதி 5,100 ரூபாயும் என் வங்கிக் கணக்குக்கு வரவில்லை; அந்தத் தளத்தின் வாலட்டில் ஏறி, அடுத்த முன்பதிவுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று செய்தி வந்தது. முன்பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று எங்கோ படித்த நினைவு இருந்ததால் வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். பிடித்தது விமான நிறுவனத்தின் விதிப்படி என்று தளத்தினர் சொல்கிறார்கள். விமான நிறுவனத்தைக் கேட்டால், சீட்டை எங்கே வாங்கினீர்களோ அங்கேயே கேளுங்கள் என்கிறார்கள்.

நான் கேட்க விரும்புவது இவ்வளவுதான். அந்த 24 மணி நேர விதி உண்மையில் இருக்கிறதா, இருந்தால் இடைத்தரகர் தளத்தில் வாங்கிய சீட்டுக்கும் அது பொருந்துமா? என்னைக் கேட்காமல் பணத்தை வாலட்டில் போடலாமா? யாரிடம், எந்த வரிசையில் முறையிடுவது?

---

சித்தூர் டிக்கெட் கடை

ஐயா, நான் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பாலக்காட்டுச் சித்தூரில் பல ஆண்டுகளாகப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் பணம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைச் சொன்னால், உங்கள் வழக்கில் யாரை முதலில் பிடிக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

மலிவுக் கட்டண விமான நிறுவனங்களிடம் முகவர்களாகிய நாங்கள் முன்பணம் கட்டி வைத்திருப்போம். சீட்டு எடுத்தவுடன் அதிலிருந்து தொகை கழியும். ரத்து செய்தால், விமான நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அதே முகவர் கணக்கில் உடனே வரவு வைத்துவிடும். ஆகவே, உங்களுக்கு வர வேண்டிய பணம் பெரும்பாலும் நீங்கள் ரத்து செய்த அன்றே அந்தத் தளத்தின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். முழுச்சேவை நிறுவனங்களின் சீட்டுகளில் இன்னொரு முறையும் உண்டு: சீட்டு வழங்கிய அதே நாள் நள்ளிரவுக்குள் முகவர் அதை ‘வாய்டு’ செய்துவிட்டால், அது விற்பனையாகவே கணக்கில் ஏறாது, ரத்துக் கட்டணம் என்ற பேச்சும் வராது. இரவு ஒன்பது மணிக்குச் சீட்டு வாங்கிப்போய், பத்து மணிக்கு மாமனார் வேண்டாம் என்கிறார் என்று கூப்பிடுபவர்களை நாங்கள் இப்படித்தான் காப்பாற்றுகிறோம். நீங்கள் மறுநாள் ரத்து செய்ததால் அந்த வழி உங்களுக்கு மூடிவிட்டது. அதுவும் பெரிய இணையதளங்களில் நள்ளிரவுக்கு முன் அதைச் செய்து தர ஆள் கிடைப்பது அரிது.

எனவே தளத்தின் திரையில் ‘விமான நிறுவனக் கட்டணம்’ என்று காட்டியதை அப்படியே நம்ப வேண்டாம். விமான நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், உங்கள் பி.என்.ஆர் எனும் முன்பதிவு எண்ணையும் பயணியின் குடும்பப் பெயரையும் இட்டுப் பாருங்கள். பல நிறுவனங்களில் ரத்தான சீட்டுக்கு எவ்வளவு திருப்பப்பட்டது என்பது அங்கேயே தெரியும். தெரியாவிட்டால், ‘இந்த பி.என்.ஆருக்கு முகவருக்கு நீங்கள் திருப்பிய தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், பிடித்த கட்டணம் எவ்வளவு’ என்ற மூன்றை மட்டும் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்டால் ‘முகவரிடம் கேளுங்கள்’ என்ற ஒரே பதில்தான் வரும். எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் எண்ணோடு பதில் வரும். திரையில் காட்டியதும் அந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், பிடித்தது யார் என்பதில் ஐயம் இருக்காது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுக்காதீர்கள். ரீஃபண்ட் தருகிறோம் என்று சொல்லி, திரையைப் பகிரும் செயலியை இறக்கச் செய்து, கணக்கையே வழித்து எடுத்துவிடும் கூட்டம் அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது. பணம் திரும்ப வருவதற்கு யூபிஐ பின் எண்ணை இட வேண்டிய தேவை எப்போதும் இல்லை.

---

பாலக்காடு ஓய்வுபெற்ற எழுத்தர்

முந்தைய பதிவர் பணத்தின் வழியைச் சொல்லிவிட்டார். நான் இப்போது, அதாவது 2025 டிசம்பரில், உள்ள விதியைச் சொல்கிறேன். நீதிமன்ற அலுவலகத்தில் இருந்த பழக்கத்தால், விதியின் வாசகத்தைப் படிக்காமல் எதையும் பேசத் தோன்றுவதில்லை.

நீங்கள் படித்தது உண்மைதான். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமாகிய டிஜிசிஏ-வின் விதிகளில், பிரிவு 3, தொடர் எம், பகுதி 2 என்பது பயணச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதைப் பற்றியது. மத்திய அரசு 2019 பிப்ரவரியில் வெளியிட்ட பயணிகள் சாசனத்திலும் இதே வசதி இடம்பெற்றது. முன்பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் கூடுதல் கட்டணம் எதுவுமின்றிச் சீட்டை ரத்து செய்யவோ மாற்றவோ விமான நிறுவனம் வாய்ப்புத் தர வேண்டும். மாற்றினால், புதிய விமானத்தின் அன்றைய கட்டணத்துக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பயணி கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: சீட்டை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்யும்போது, பதிவு நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் புறப்படும் விமானத்துக்கு இந்த வசதி கிடையாது.

சிக்கல் முழுவதும் இந்த விலக்கு வாசகத்தில்தான் இருக்கிறது. ‘நேரடியாகப் பதிவு செய்யும்போது’ என்ற சொற்கள் ஏழு நாள் விலக்கை மட்டும் கட்டுப்படுத்துகின்றனவா, அல்லது வசதி முழுவதுமே நேரடிப் பதிவுக்கு மட்டும்தான் என்று சொல்கின்றனவா? விமான நிறுவனங்கள் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொண்டு, முகவர் வழியாக வாங்கியவர்களுக்கு மறுத்துவிடுகின்றன. ஆனால் வசதியைத் தரும் முதல் வாக்கியத்தில் நேரடிப் பதிவு என்ற நிபந்தனையே இல்லை. விலக்கைச் சொல்லும் வாக்கியத்தில் வரும் நிபந்தனையைத் தூக்கி முதல் வாக்கியத்தில் வைப்பது சரியான வாசிப்பு அல்ல என்பதே என் கருத்து. உங்கள் பயணம் மூன்று வாரங்களுக்கு அப்பால் இருந்ததால், ஏழு நாள் விலக்கு உங்களை எப்படியும் தொடாது. ஆகவே வாதிட இடம் இருக்கிறது. வெற்றி உறுதி என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

வாதத்துக்கே இடமில்லாத சில செய்திகள் அதே விதிகளில் இருக்கின்றன. முகவர் வழியாக, இணையதளம் உட்பட, வாங்கிய சீட்டுக்கும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே, ஏனெனில் முகவர் என்பவர் அவர்கள் நியமித்த பிரதிநிதி. அந்தப் பணம் 30 வேலை நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். விமான நிறுவனத்திடம் கடன் அட்டையில் நேரடியாக வாங்கியிருந்தால் ஏழு நாட்கள்தான். ரத்துக் கட்டணம் எந்த நிலையிலும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. வரிகளும், பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்களும், சலுகைச் சீட்டாக இருந்தாலும், பயணி வராமலே போனாலும், திருப்பப்பட்டாக வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும் வேலைக்கென்று விமான நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. திருப்ப வேண்டிய தொகையை அடுத்த முன்பதிவுக்கான வரவாக வைத்துக்கொள்வதா, கையில் வாங்குவதா என்பது பயணியின் விருப்பம். தாமாகவே அதை வரவில் போட விமான நிறுவனத்துக்கு உரிமையில்லை. அந்த விதியின் நோக்கத்தைக் காட்டி, வாலட்டில் போட்டது எனக்குச் சம்மதமில்லை, பணம் செலுத்திய வழியிலேயே திருப்புங்கள் என்று இன்றே எழுதுங்கள். வாலட்டில் இருந்து ஒரு ரூபாயைக்கூடப் பயன்படுத்திவிடாதீர்கள், பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

சென்ற 2025 நவம்பரில் டிஜிசிஏ இந்த விதிகளைத் திருத்தும் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டிருக்கிறது. அதில் 24 மணி நேரம் 48 ஆக நீள்கிறது. முகவர் வழிச் சீட்டுக்கான 30 வேலை நாட்கள் 21 ஆகக் குறைகிறது. வரைவைக் காட்டி உங்கள் பணத்தைக் கேட்க முடியாது, ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது.

---

நகரி பயணி

நாங்கள் ஆந்திர எல்லையில் இருப்பவர்கள். திருப்பதிப் பக்கமுள்ள ரேணிகுண்டா விமான நிலையமும் சென்னையும் எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், எது மலிவோ அதில் ஏறுவோம். என் அனுபவத்தில், இந்தத் தொகைக்கு அலைவதைவிட, முன்பதிவின்போதே தளங்கள் விற்கும் ‘இலவச ரத்து’ வசதியைச் சில நூறு ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் அதன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும்: புறப்பாட்டுக்கு இத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்திருக்க வேண்டும் என்றும், இவ்வளவு தொகை வரைதான் திருப்புவோம் என்றும் வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வசதிக்காகக் கொடுத்த தொகை எப்படியும் திரும்பாது.

---

பாறசாலை அம்மா

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். நாங்கள் திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் போய் வருவோம். வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்பதிவு செய்பவர்களும் இந்த உரையாடலுக்கு வருவார்கள் என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவுக்குச் செல்லும், அங்கிருந்து புறப்படும் விமானங்களுக்கு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி பொருந்தும். புறப்பாட்டுக்கு ஏழு நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது முன்பதிவு செய்தால், விமான நிறுவனம் ஒன்று பணம் வாங்காமல் அந்த விலையை 24 மணி நேரம் பிடித்து வைத்திருக்க வேண்டும், அல்லது வாங்கிய பணத்தை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்பவருக்கு அபராதமின்றித் திருப்ப வேண்டும். இந்தக் கடமையும் விமான நிறுவனத்துக்கு மட்டுமே. இடைத்தரகர் தளங்கள் விரும்பினால் தரலாம், தராமலும் இருக்கலாம். ஆகையால் என் மகள் விலையைத் தளங்களில் பார்ப்பாள், சீட்டை விமான நிறுவனத்திடமே வாங்குவாள். ஒருமுறை என் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி இடவில்லை என்று தெரிந்து அன்றிரவே ரத்து செய்து வேறு சீட்டு எடுத்தாள். முழுப் பணமும் அட்டைக்குத் திரும்பியது.

பெயர்ப் பிழைக்காக நம் ஊரில் ரத்து செய்ய வேண்டியதே இல்லை. விமான நிறுவனத்தின் தளத்தில் வாங்கிய சீட்டில், 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டினால், கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும் என்று டிஜிசிஏ விதியே சொல்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை, பணம் திருப்புவது அவரவர் நாட்டு விதிப்படி என்று அதே விதிகளில் இருப்பதையும் மறந்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கிய பொருளைப் பதினான்கு நாட்களுக்குள் திருப்பலாம் என்ற சட்டம் இருந்தாலும், பயணச்சீட்டுக்கு அது பொருந்தாது.

---

கொழிஞ்சாம்பாறை வாசி

பதில் எழுதிய எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைக்கார அண்ணன் சொன்னபடி விமான நிறுவனத்துக்கு அந்த மூன்று கேள்விகளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினேன். முகவர் வழிச் சீட்டு என்பதால் 24 மணி நேர வசதி பொருந்தாது என்று பதில் வந்தது. ஆனால் அவர்கள் பிடித்தது ஒருவருக்கு 2,999 ரூபாய்தான் என்றும், மீதியை நான் ரத்து செய்த அன்றே தளத்துக்குத் திருப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். திரையில் 3,900 என்று காட்டிய இடத்தில் ஒருவருக்கு 901 ரூபாய் கூடுதலாக இருந்தது இப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கடிதத்தை இணைத்து, வாலட் வரவுக்குச் சம்மதமில்லை என்பதையும் எழுதித் தளத்துக்கு அனுப்பினேன். தொலைபேசியில் பேசியபோதெல்லாம் எங்கள் பின்கோடைப் பார்த்து மலையாளத்தில் மிக இனிமையாகப் பேசி ஒன்றும் செய்யாதவர்கள், இதற்கு மட்டும் விரைவில் பதில் எழுதினார்கள். ‘கணினிப் பிழை’ என்று சொல்லி 1,802 ரூபாயைச் சேர்த்து, வாலட்டில் இருந்ததையும் எடுத்து, மொத்தம் 6,902 ரூபாயை யூபிஐ கணக்குக்குத் திருப்பிவிட்டதாக அதில் இருந்தது. சேவைக் கட்டணம் 800 ரூபாயைத் தர மறுக்கிறார்கள். முன்பதிவுப் பக்கத்தில் அது முன்பே சொல்லப்பட்டிருந்ததால் நான் அதை வற்புறுத்தவில்லை. ஆனால் பணம் இன்னும் கணக்கில் தெரியவில்லை. விமான நிறுவனம் பிடித்த 5,998 ரூபாய்க்கு மேற்கொண்டு போகலாமா என்று எழுத்தர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

---

சித்தூர் டிக்கெட் கடை

பணம் அனுப்பிவிட்டோம் என்று சொல்பவர்களிடம் ஆதார எண்ணைக் கேளுங்கள். யூபிஐ என்றால் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும். அட்டை என்றால் ஏ.ஆர்.என் என்பார்கள். அந்த எண்ணோடு வங்கிக்குப் போனால், பணம் வந்ததா இல்லையா என்று அவர்கள் தேடிச் சொல்ல முடியும். எண் தர மறுத்தால், பணம் இன்னும் அவர்களிடமிருந்து கிளம்பவில்லை என்று கொள்ளலாம்.

அந்தக் ‘கணினிப் பிழை’ பற்றி ஒரு வார்த்தை. விமான நிறுவனம் கட்டணத்தை மாற்றும்போது தளத்தின் அட்டவணை பழையதாகவே இருந்துவிடுவது உண்டு. ஆனால் இத்தனை ஆண்டுகளில், அந்தப் பிழை வாடிக்கையாளருக்குச் சாதகமாக விழுந்ததை நான் பார்த்ததில்லை.

---

பாலக்காடு ஓய்வுபெற்ற எழுத்தர்

தம்பி, மேற்கொண்டு தாராளமாகப் போகலாம். விமான நிறுவனத்தின் மறுப்பு எழுத்தில் கிடைத்திருப்பது உங்களுக்கு நல்லதாயிற்று. அவர்களுடைய இணையதளத்தில் குறைதீர்ப்புக்கான நோடல் அதிகாரி, அவருக்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி என்று முகவரிகள் இருக்கும். முதலில் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முன்பதிவு செய்த நாளும் நேரமும், ரத்து செய்த நாளும் நேரமும், புறப்பாட்டுத் தேதி, பி.என்.ஆர், பிடித்த தொகை ஆகியவற்றை மேலே எழுதி, கீழே விதியின் ஆங்கில வாசகத்தை அப்படியே இட்டு, வசதியைத் தரும் வாக்கியத்தில் நேரடிப் பதிவு என்ற நிபந்தனை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நேரங்களுக்குச் சான்றாக, முன்பதிவு உறுதியான மின்னஞ்சலையும் ரத்து உறுதியான மின்னஞ்சலையும் இணையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளைவிட மின்னஞ்சலுக்கு மதிப்பு அதிகம், அதில் நேரம் பதிந்திருக்கும்.

அங்கும் மறுத்தால், மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் அதே கடிதத்தைப் பதியுங்கள். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம், தமிழிலும் பேசலாம். இவற்றிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விமான நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டு ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். விமானம் கோவையிலிருந்து என்பதால் கோவைக்குப் போக வேண்டுமோ என்று வாளையார் தாண்டி அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. அங்கே விமான நிறுவனத்தை முதல் எதிர்த்தரப்பாகவும் பயண இணையதளத்தை இரண்டாவதாகவும் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், வந்தவர் வராதவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

நோடல் அதிகாரியின் பதில் வந்ததும், பெயர்களை மறைத்துவிட்டு அதன் வாசகத்தை இங்கே இடுங்கள். அடுத்த கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.